தாயிடம் கேட்ட கேள்வியை முகவரிடம் கேளுங்கள்

பூநகரிப் பக்கத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால், ஒரு பெட்டை படிக்கிற வயதில் கலியாணம் கட்டிக்கொண்டு போனால், ஒரு வீட்டில் தகப்பன் குடித்துவிட்டுச் சண்டை பிடித்தால், காரணம் தேடி யாரும் தூரம் போவதில்லை. "தாய் வெளிநாட்டில. பிறகென்ன?" என்ற ஒரே வசனத்தோடு கதை முடிந்துவிடும். முழங்காவிலிலும் இதைத்தான் சொல்கிறார்கள், கிராஞ்சியிலும் நாச்சிக்குடாவிலும் இதைத்தான் சொல்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் கேட்கலாம். கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கைகளும் அடிப்படையில் இதையே உத்தியோக மொழியில் சொல்கின்றன. வெளிநாட்டு வேலையால் வரும் கேட்டுக்குத் தாய் போவதே காரணம், ஆகவே தாயைப் போகவிடாமல் மறிப்பதே பாதுகாப்பு என்று அதிகாரியும் ஆசிரியரும் ஊர்ப் பெரியவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

இந்தக் கருத்துப் பிழையானது. போகிற பெண்ணுக்கும் அவள் விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கும் இது நேரடியாகத் தீங்கு செய்கிறது என்பதையும் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். தாய் இல்லாத வீட்டில் பிள்ளை வாடுகிறது. காய்ச்சல் வந்த இரவில் அதற்குத் தாய்தான் வேண்டும். வயதான அம்மம்மாவால் பதினான்கு வயதுப் பேரனைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. பெண் பிள்ளைகள் உறவினர் வீட்டில் துன்புறுத்தப்பட்ட சம்பவங்கள் உண்டு; அவற்றை மூடி மறைப்பது பாவம். இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து "ஆகவே தாயை மறி" என்ற முடிவு வருவதில்லை. பிள்ளை தனித்துப் போயிருக்கிறது என்றால் பிள்ளைக்குத் துணை வேண்டும் என்பதுதான் முடிவு. அந்தத் துணையை யார் தருவது என்ற கேள்வி செலவு பிடிக்கும் கேள்வி. தாயை மறிப்பதற்கு ஒரு படிவமும் ஒரு முத்திரையும் போதும்.

இந்தப் படிவத்தின் வரலாற்றைப் பார்ப்போம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வேலைக்காக வெளிநாடு போகக் கூடாது என்று 2007 மார்ச்சில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. கடும் எதிர்ப்பு வந்ததால் அப்போது அது நடைமுறைக்கு வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஜனவரி 9ஆம் திகதி, மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் சவூதி அரேபியாவில் சிரச்சேதம் செய்யப்பட்டாள். நாடே அழுதது. அந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை வந்தது. வீட்டு வேலைக்குப் போக விரும்பும் பெண்ணுக்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கக் கூடாது என்று ஆனது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களை யார் பார்ப்பார்கள் என்று பிரதேச செயலக மட்டத்தில் விசாரித்து உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. கணவனின் இணக்கமும் கேட்கப்பட்டது. சவூதிக்கு 25, ஏனைய மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 என்று வயதெல்லையும் போடப்பட்டது.

றிசானாவின் மரணத்துக்கும் இந்தப் படிவத்துக்கும் என்ன தொடர்பு? அவள் தாய் அல்ல. அவளே ஒரு பிள்ளை. 1988இல் பிறந்தவள் 2005 மேயில் சவூதிக்குப் போனபோது அவளுக்கு வயது பதினேழு. கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று போடப்பட்டிருந்தது. அந்தப் பொய்யை எழுதுவித்தவர்கள் அவளை அனுப்பிக் காசு பார்த்தவர்கள். போய்ச் சில வாரங்களுக்குள், குழந்தை வளர்ப்பில் எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தப் பிள்ளையின் கையில் நான்கு மாதக் குழந்தையைக் கொடுத்துப் பால் பருக்கச் சொன்னார்கள். குழந்தை இறந்தது; பழி அவள் மேல் விழுந்தது. ஒழுங்கான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் எடுக்கப்பட்டது. வழக்கின் தொடக்கத்தில் அவள் பக்கம் சட்டத்தரணி இல்லை. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட பின், மேன்முறையீட்டுக்கான கட்டணத்தைத் திரட்ட ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு ஓடித் திரிய வேண்டியிருந்தது. அவளைக் கைவிட்டவர்கள் பலர்: முகவர், வயதைச் சரிபார்க்காத அலுவலகங்கள், நேரத்துக்குச் சட்ட உதவி கொடுக்காத அரசு. அவள் சாவிலிருந்து பாடம் படிக்க நினைத்த நாடு இந்த வரிசையில்தான் கை வைத்திருக்க வேண்டும். கை வைத்தது எங்கோ இருக்கும் தாய்மாரின் வீட்டு வாசலில்.

இன்னொரு நாட்டோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1995 மார்ச் 17ஆம் திகதி சிங்கப்பூரில் ஃபுளோர் கொன்டெம்பிளாசியன் என்ற பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டார். அவர் நான்கு பிள்ளைகளின் தாய். பிலிப்பைன்ஸ் மக்கள் தெருவுக்கு இறங்கினார்கள். மூன்று மாதத்துக்குள் அந்த நாடு புலம்பெயர் தொழிலாளருக்கான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவுதான் எனக்கு முக்கியம்: வெளிநாட்டு எசமான் சம்பளத்தைக் கொடுக்காவிட்டால், உள்ளூரில் ஆள் அனுப்பிய முகவர் நிலையமும் எசமானோடு சேர்ந்து, முழுத் தொகைக்கும், பொறுப்பு. தொழிலாளி மணிலாவில் நின்றுகொண்டே வழக்குப் போடலாம். 2006இல் வீட்டுப் பணியாளரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது, மாதச் சம்பளம் 400 டொலருக்குக் குறையக் கூடாது என்றும் விதி செய்தார்கள். அங்கும் பெண்கள் துன்பப்படுகிறார்கள். 2018இல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் குளிர்பெட்டிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டதை உலகம் அறியும். அதற்குப் பிறகு அந்த அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தி வைத்து, கடவுச்சீட்டும் கைத்தொலைபேசியும் தொழிலாளியிடமே இருக்க வேண்டும் என்று குவைத்தோடு ஒப்பந்தம் எழுதியது. ஒரு மரணத்துக்குப் பிறகு அந்த நாடு முகவரையும் எசமானையும் பிடித்தது. நாங்கள் தாயைப் பிடித்தோம்.

தடையால் என்ன நடந்தது? வீட்டுப் பணிப்பெண்ணாகப் பதிந்து போனவர்களின் தொகை 2012இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2017 அளவில் அது பாதிக்குக் கிட்ட விழுந்தது. பாதுகாப்பு வேலை செய்கிறது என்று இந்தத் தொகையைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. பதிவேட்டில் ஆள் குறைந்தால் விமானத்தில் ஆள் குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? கடன் குறையவில்லை, அங்கே வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும் குறையவில்லை, முகவரும் ஊரை விட்டுப் போகவில்லை. படிவம் கிடைக்காத பெண்ணிடம் அவர் சொல்கிற வழி எல்லோருக்கும் தெரியும்: "அக்கா, விசிட் விசாவில போங்கோ. அங்க போய் மாத்தலாம்."

விசிட் விசாவில் போகும் பெண் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவாக மாட்டாள். பதிவில்லை என்றால் பணியகத்தின் காப்புறுதி இல்லை. தூதரகம் பார்த்து ஒப்புக்கொண்ட வேலை ஒப்பந்தம் இல்லை. அவள் எந்த வீட்டில் நிற்கிறாள் என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. அவள் செத்தால் பெட்டி வரவேண்டிய செலவுக்கும் குடும்பம் அலைய வேண்டும். 2022 நவம்பரில் ஓமானிலிருந்து வந்த செய்திகளை நினைத்துப் பாருங்கள். சுற்றுலா விசாவில் டுபாய், அபுதாபிப் பக்கம் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கிருந்து ஓமானுக்குக் கடத்தப்பட்டு, வீடுகளுக்கு விலை பேசப்பட்டார்கள். அந்த விவகாரத்தில் ஓமானிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் மூன்றாம் செயலாளராக இருந்தவரே கட்டுநாயக்காவில் வந்திறங்கியபோது கைதானார். மறித்த கதவுக்குப் பக்கத்தில் திறந்திருந்த கதவு அது. வளைகுடாவுக்குப் பெண்கள் போவதைக் காலத்துக்குக் காலம் தடுத்த நேபாளத்திலும் இதுவே நடந்தது. நேபாளப் பெண்கள் டெல்லி வழியாகப் போனார்கள், வழியில் இன்னும் இரண்டு தரகர்களுக்கு இரையானார்கள்.

2022இல் இன்னொன்றும் நடந்தது. நாட்டில் டொலர் முடிந்தது. அந்த ஆண்டு நடுவில் ஐந்து வயது என்ற எல்லை இரண்டாகக் குறைந்தது, பெண்கள் போவதற்கான குறைந்த வயது எல்லா நாடுகளுக்கும் 21 ஆனது. 2021இல் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் இல்லாமல் இருக்க முடியாது என்றால், 2022இல் இருக்க முடிந்தது எப்படி? அதே ஆண்டு ஜூனில் அரச உத்தியோகத்தர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டு வரை வெளிநாட்டில் வேலை செய்யலாம், சேவை மூப்புக்குப் பாதிப்பில்லை என்று சுற்றறிக்கை வந்தது. அவர்களில் தாய்மாரும் உண்டு, தகப்பன்மாரும் உண்டு. "உங்கள் பிள்ளையை யார் பார்ப்பது?" என்ற விசாரணைக்கு அவர்கள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தங்கள் குடும்பத்தை எப்படி நடத்துவது என்று அவர்களுக்குத் தெரியும் என நம்பினார்கள் அல்லவா, அந்த நம்பிக்கை ஏன் குடமுருட்டியில் கூலிக்கு நெல் வெட்டும் பெண் மேல் இல்லை என்றுதான் கேட்கிறேன். ஆணையும் பெண்ணையும் சமமாக நடத்த வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை அவளுக்கும் உரியதுதான்.

எங்கள் சமூகத்துக்குள்ளும் திரும்பிப் பார்க்க வேண்டும். இது அரசோடு மட்டும் தீர்கிற வழக்கு இல்லை. மகன் காணியை விற்றுப் பிரான்சுக்குப் போனால் வீட்டுக்குப் பெருமை. கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் காசில் கோயில் மண்டபம் எழும்பினால் கல்வெட்டில் பேர் பொறிப்போம். அதே ஊரில் குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் ஒரு பெண் தன் வீட்டுக்கு ஓடு போட்டால், அந்தக் காசு எப்படி வந்தது என்று குரலைத் தாழ்த்திக் கதைப்போம். மேற்கே போன ஆண் தன் பிள்ளைகளைப் பத்து வருடம் காணாமல் இருந்தாலும் அவன் குடும்பத்துக்காக உழைக்கிறவன். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போன தாய் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவள். கட்டாரில் கட்டட வேலைக்குப் போகும் தகப்பனால் பிள்ளை கெட்டது என்று ஒரு பெற்றோர் கூட்டத்திலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இந்தப் பேச்சு வெறும் புறணி என்று விட்டுவிட முடியாது. இதனால் லாபம் அடைகிறவர் ஒருவர் இருக்கிறார். திரும்பி வந்த பெண்ணுக்கு எட்டு மாதச் சம்பளம் வரவில்லை, உடம்பில் சூட்டுத் தழும்பு இருக்கிறது என்று வையுங்கள். அவள் முறைப்பாடு செய்ய நினைத்தால் முதலில் வரும் குரல் வீட்டுக்குள்ளிருந்தே வரும்: "விடு பிள்ளை, சனம் வேற மாதிரிக் கதைக்கும்." அவள் விட்டுவிடுவாள். அதே முகவர் அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் இன்னொரு பெண்ணைத் தேடிப் போவார். தாய் போனதே குற்றம் என்று ஊர் முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருப்பதால், அவளுக்குச் செய்யப்பட்ட குற்றத்தைப் பேச அவளுக்கு இடமில்லாமல் போகிறது. முகவருக்கு இதைவிடப் பெரிய கவசம் எந்தச் சட்டத்தரணியாலும் வாங்கிக் கொடுக்க முடியாது.

அவள் ஏன் போகிறாள் என்பதைப் பூநகரியில் இருந்துகொண்டு கேட்பவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். 2008 இறுதியில் போரால் இங்கிருந்து வெளிக்கிட்ட சனம் உழவு இயந்திரம், படகு, வலை, நகை, ஆடு, மாடு எல்லாவற்றையும் வழியில் விட்டு முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் இருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தது. இந்திய வீட்டுத் திட்டம் ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தது. கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம், ஆனால் அந்தக் காசு கூரை மட்டத்துக்கு வந்து நின்ற வீடுகள் எத்தனையோ. மிச்சத்தைக் கடன் வாங்கிக் கட்டினார்கள். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன இந்த மண்ணில் பெரும்பாலும் மானாவாரியாக ஒரு போகம்தான், அதுவும் மழையையும் உவரையும் பொறுத்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது அந்த ஒரு போகமும் அடிபட்டது. கடலில் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இரணைதீவுச் சனம் தங்கள் தீவுக்குத் திரும்பவே 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே போக வேண்டியிருந்தது.

இந்த வெறுமைக்குள் நுழைந்தது நுண்கடன். வாரம் ஒருமுறை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்குக் குறைந்த நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு நிலை முற்றியது. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் வசூலிக்க வருபவர்கள் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்கும் நிலையையும் எடுத்துச் சொன்னார். ஆக, வீட்டில் இருந்தால் பாதுகாப்பு என்ற பேச்சு எந்த வீட்டைப் பற்றியது? கணவன் காணாமல் ஆக்கப்பட்டு, 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்னால் கொட்டில் போட்டு இருந்த பெண்களில் ஒருத்தியிடம், கணவனின் இணக்கத்தைக் கேட்கும் படிவத்தை நீட்டினால் அவள் எதை எழுதுவாள்? செத்துவிட்டான் என்று எழுதினால் தன் போராட்டத்தைத் தானே பொய்யாக்கியவள் ஆவாள். உயிரோடு இருக்கிறான் என்றால் அவனைக் கொண்டுவரச் சொல்வார்கள். வன்னியை நினைத்துப் பார்த்த யாரும் இப்படி ஒரு படிவத்தை எழுதியிருக்க மாட்டார்கள்.

மறிப்பதைப் பற்றிப் பேச வெட்கப்படுகிற சிலர் இப்போது இன்னொரு பாட்டுப் பாடுகிறார்கள்: விழிப்புணர்வு. பெண்கள் அறியாமையால் ஏமாறுகிறார்கள், ஆகவே கருத்தரங்கு வைப்போம், சுவரொட்டி ஒட்டுவோம் என்கிறார்கள். நானும் அப்படியான கருத்தரங்குகளில் இருந்திருக்கிறேன். முன்வரிசையில் இருந்த பெண்களில் பலர் ஏற்கனவே ஒருமுறை போய் வந்தவர்கள். கடவுச்சீட்டைப் பறிப்பார்கள், தொலைபேசியைப் பூட்டி வைப்பார்கள், ஒரு வீடு என்று சொல்லி மூன்று வீடு கழுவ வைப்பார்கள் என்பதெல்லாம் பேச வந்தவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனார்கள், தெரிந்தும் இன்னொருமுறை போவார்கள். மாத்தறைப் பக்கத்தைச் சேர்ந்த ஆரியவதி என்ற பெண் 2010 ஓகஸ்டில் சவூதியிலிருந்து உடம்புக்குள் இருபதுக்கு மேற்பட்ட ஆணிகளோடும் ஊசிகளோடும் வந்தார். எந்தச் சுவரொட்டியைப் படித்திருந்தால் அந்த ஆணிகள் இறங்காமல் இருந்திருக்கும்? அவர் அந்த வீட்டை விட்டு வெளியேறவும், வேறு எசமானிடம் போகவும், நாடு திரும்பவும் எசமானின் சொல் வேண்டும் என்று வைத்திருக்கும் கபாலா முறையை அறிவுரை மாற்றாது. சட்டம்தான் மாற்றும். குவைத் 2015இல் வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் செய்து, நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று எழுதியது. எழுதியதெல்லாம் நடக்கவில்லை. ஆனாலும் ஒரு பெண் தூதரகத்தில் வந்து நின்றால் கையில் பிடித்துக் காட்ட ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் பிடித்துக் காட்டும் வேலை எங்கள் அரசினுடையது.

விழிப்புணர்வுப் பேச்சின் அடியிலும் பழைய தீர்ப்புத்தான் இருக்கிறது. ஏமாந்தவள் கவனமாக இருந்திருக்க வேண்டுமாம். ஏமாற்றியவர் எங்கே?

அவர் எங்கே என்று சொல்கிறேன். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். 2009இல் திருத்தம் வந்து தண்டனைகளும் கூடின. அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் கொழும்பிலோ வேறு தென்பகுதி நகரத்திலோ உள்ள ஒரு முகவர் நிலையத்தின் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும். ஜெயபுரத்துக்கும் வேரவிலுக்கும் வருகிறவர் சப் ஏஜென்ட். அவர் ஊருக்குத் தெரிந்தவர், பல வேளை உறவினர். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் அவர் காசு கேட்பதில்லை. கையில் இலட்சக்கணக்கில் கொடுக்கிறார். நுண்கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் அந்தக் காசை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? அந்தக் காசு வளைகுடாவில் உள்ள எசமான் கொடுத்த பெருந்தொகையிலிருந்து பல கை மாறி வந்தது. ஆகையால் அங்கே போனதும் எசமான் சொல்வார்: "உன்னைக் காசு கொடுத்து எடுத்திருக்கிறேன்." அடி தாங்காமல் மூன்றாம் மாதம் திரும்ப நினைத்தால் முகவர் சொல்வார்: "வாங்கின காசை வச்சிட்டு வாங்கோ." சம்பளம் வராவிட்டால் கொழும்பு அலுவலகம் சொல்லும்: "அந்த ஆளை எங்களுக்குத் தெரியாது." சங்கிலி முழுவதிலும் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். இத்தனை பேர் கைமாற்றிய ஒரு பெண்ணின் பிள்ளைகளின் வயதைத்தான் அரசு விசாரித்துக்கொண்டிருந்தது.

இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நான் சொல்வது. ஊருக்கு வந்து ஆள் சேர்க்கிறவர் யாராக இருந்தாலும், எந்த முகவர் நிலையத்துக்காகச் சேர்க்கிறார் என்பதைப் பிரதேச செயலகத்தில் அடையாள அட்டையோடு பதிய வேண்டும். பதியாதவரிடம் போன ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும். பதிந்தவரின் செயலுக்கு முகவர் நிலையம் முழுப் பொறுப்பு, சம்பளப் பாக்கி உட்பட. கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு மிரட்டுவது குற்றமாக வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பிரதேச செயலகத்தில். அங்கே ஏற்கனவே வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நல்லவர்கள், உழைப்பவர்கள். மறிக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டியதுதான் பிழை. அவள் போவதற்கு முன் கதவில் நிற்பதை விட்டு, போன பிறகு மாதம் ஒருமுறை அவளோடு கதைத்தார்களா, சம்பளம் கணக்கில் விழுந்ததா என்று பார்க்கிற வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். அந்தக் கணக்கு அவள் பெயரில், அவள் வெளிக்கிடுவதற்கு முன்பே, இங்குள்ள வங்கியில் திறந்ததாக இருக்கட்டும். உண்டியலில் வந்து கணவன் கையில் போய்க் கரைந்த உழைப்பைப் பற்றி நாங்கள் நிறையக் கேட்டுவிட்டோம்.

முறைப்பாட்டைக் கேட்கும் இடமும் முக்கியம். பணியகத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில். பூநகரியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். சம்பளம் பறிகொடுத்து வந்தவள் பிள்ளைகளை மறுபடி அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இரவு பஸ்ஸில் போய், தனக்குத் தெரியாத மொழியில் பேசும் முகவரோடு சமரசம் பேசி, கேட்டதில் கால்வாசியை வாங்கிக்கொண்டு வருவதை நீதி என்று சொல்ல முடியாது. விசாரணை கிளிநொச்சியில், தமிழில் நடக்கட்டும். முகவர் அலைந்து வரட்டும்.

பிள்ளைகள்? அவர்களை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. 2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இந்த நாட்டுக்கு 650 கோடி டொலருக்கு மேல் அனுப்பினார்கள். நாடு வங்குரோத்திலிருந்து எழும்பக் கொடுத்த கைகளில் இதுவே பெரிய கை. அந்த உழைப்பாளிகளில் ஒருவருக்கும் அந்த ஆண்டு நடந்த ஜனாதிபதித் தேர்தலிலோ பாராளுமன்றத் தேர்தலிலோ அங்கிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை. அதனால்தான் அவர்களது பிள்ளைகளுக்காகப் பேச அரசியல்வாதிக்கு அவசரம் இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவுக்கு ஒரு மாதக் கொடுப்பனவு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகள் இருந்து படிக்கவும் சாப்பிடவும் ஒரு இடம், பெண் பிள்ளை தன் பயத்தைச் சொல்ல ஒரு பொறுப்பான ஆசிரியை: இவை அந்தக் காசில் ஒரு துளி. இப்படியான ஏற்பாடு தாய் வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கு மட்டும் உதவாது. தாய் செத்த பிள்ளைக்கும், தகப்பன் கட்டாரில் உள்ள பிள்ளைக்கும், தாய் விடியப்புறம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போகும் பிள்ளைக்கும் அதே தேவைதான் இருக்கிறது.

"அப்ப நீங்கள் சனத்தைப் போகச் சொல்லுறியளோ?" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. பூநகரியில் ஒரு பெண்ணும் கடனுக்காக ஊரை விட்டுப் போகத் தேவையில்லாத நாள் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு நெல்லுக்கு நியாய விலை வேண்டும், உவர் தடுக்கும் அணைகள் வேண்டும், கடல் எங்கள் மீனவரின் கையில் இருக்க வேண்டும். அந்த வேலை ஒன்றையும் செய்யாமல், போகிறவளை மட்டும் மறித்தால் அவள் வேறு வழியால் போவாள். பொடியன்களும் அப்படித்தான் போகிறார்கள். 2022 நவம்பரில் கனடா போவதாக நம்பிக் கடலில் தத்தளித்து வியட்நாமில் கரையேற்றப்பட்ட 303 பேரும் சட்டப்படியான வழி மூடியிருந்ததால்தான் அந்தக் கப்பலில் ஏறினார்கள். 2024இல் ரஷ்யாவில் வேலை என்று கூட்டிச் செல்லப்பட்டு உக்ரேன் போர்முனையில் நிறுத்தப்பட்டவர்களையும், மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களையும் அனுப்பியவர்களுக்கு இங்கே முகம் உண்டு, முகவரி உண்டு.

அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு வரும் எங்கள் பிரதிநிதிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான். வெளிநாடு போன தாய்மாரின் பட்டியலை வாசிக்க வேண்டாம். பூநகரிப் பிரதேசத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்துத் திரிகிறவர்கள் யார், யார், எந்த அனுமதிப்பத்திரத்தின் பெயரில் சேர்க்கிறார்கள், கடந்த ஐந்து ஆண்டில் அவர்கள் அனுப்பியவர்களில் எத்தனை பேருக்குச் சம்பளம் பாக்கி என்ற பட்டியலை அந்த மேசையில் வையுங்கள்.